சோறு வேகும் உயரம்

வத்தலக்குண்டில் விடியுமுன்னே
இட்லிக்குக் குடல் குழம்பு ஊற்றும் கடை ஒன்று உண்டு.
ஹெல்மெட்டை எதிர் நாற்காலியில் உட்காரவைத்தேன்.
பரிமாறியவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"கூட வந்தவங்க வண்டி நிறுத்தப் போயிருக்காங்களா?"
ஆமாம் என்றேன்.
எதிரே நான்கு இட்லி வைத்துவிட்டுப் போனார்.
அதையும் சாப்பிட்டேன்.

காமக்காபட்டி சோதனைச் சாவடியில்
பிளாஸ்டிக் பாட்டில் தேடிப் பையைத் துழாவிய பையன்
பஞ்சர் ஒட்டும் டப்பாவை எடுத்துக் குலுக்கினான்.
"இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமாக்கா?"
கைக்குழந்தையின் நரம்பில் ஊசி ஏற்றத் தெரியும், தம்பி.
டியூபில் ஓட்டை தேடுவது அதைவிடச் சுலபம்.
டியூப் அழாது.
சொல்லவில்லை. கிக்கரை உதைத்தேன்.

முதல் கொண்டை ஊசி மூன்றாவது கியரில்,
அதற்குப் பிறகு எல்லாம் இரண்டாவதில்.
பதினொரு வருடத்து ஸ்பிளெண்டர்,
அவசரப்படுத்தினால் கோபித்துக்கொள்ளும்.
ஒரே மாதிரி ஜாக்கெட் போட்ட ஏழு புல்லட்டுகள்
என்னைக் கடந்து போயின.
கடைசி ஆள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.
டம்டம் பாறையில் அவர்களைப் பிடித்துவிட்டேன்:
கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு
அவர்களுடைய பிரெட்டைத் துண்டு துண்டாகத் தின்றுகொண்டிருக்க
ஏழு ஹெல்மெட்டும் பார்த்தபடி நின்றன.
நான் சுட்ட சோளம் வாங்கினேன்.
எலுமிச்சை மூடியில் மிளகாய்ப்பொடி தொட்டுத் தேய்த்துக்கொடுத்தான்.
உதடு எரியும் வரை
குளிர் கிட்டே வராது.

பண்ணைக்காட்டுப் பிரிவில் காபி குடிக்கையில்
அண்ணனோடு வந்திருப்பதாகச் சொன்னேன்.
பெருமாள்மலையில் பேரிக்காய் விற்றவளிடம்
வீட்டுக்காரர் பின்னால் காரில் வருகிறார்.
ஊருக்குள் பெட்ரோல் போட்டவரிடம்
மாமியார், இரண்டு நாத்தனார்.
இப்படியே போனால்
ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே
எனக்குப் பின்னால் மலையேறிக்கொண்டிருக்கும்.

பூம்பாறை தாண்டியதும் வண்டி இருமத் தொடங்கியது.
காற்று மெலிந்துவிட்டது,
கார்புரேட்டருக்குப் பெட்ரோல் புரையேறுகிறது.
ஓரங்கட்டி, ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருகிவிட்டு நிமிர்ந்தால்
எதிரே தகரக் கூரை. பலகையில் சுண்ணாம்பெழுத்து:
சலேத்மேரி, சாப்பாடு.

உத்தரத்திலெல்லாம் பூண்டுக் கொத்துகள்,
தாளோடு முடிந்து தலைகீழாக,
அடுப்புப் புகையில் பழுப்பேறிக்கொண்டு.
அண்ணன், கார், நாத்தனார்கள்
எல்லோரையும் நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.
அவள் கரண்டியை நீட்டிக் கேட்டாள்:
"முட்டை ஒண்ணா ரெண்டா?"

ரெண்டு.

"சோறு நேரமாவும். இங்க தண்ணி சும்மா கொதிக்கும்,
சூடு இருக்காது. அரிசி அடம் பிடிக்கும்."
வெளியே இஞ்சின் டிக் டிக்கென்று ஆறியது.
உள்ளே பானை கொதித்தது.
மூச்சிரைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.
அரை மணி நேரம் நாங்கள் பேசவே இல்லை.
அவள் பூண்டு உரித்தாள். நானும் கொஞ்சம் உரித்தேன்.

விளிம்பு நெளிந்த எவர்சில்வர் தட்டு.
குழம்பில் முழுப் பூண்டு,
பல் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி.
நாக்கில் கரையும், கரைந்த பிறகு உறைக்கும்.
உப்பு ஒரு கல் கூட.
சோற்றின் நடுவே இன்னும் கொஞ்சம் பிடிவாதம்.
மறுசோறு கேட்டு வாங்கினேன்.

கை கழுவி வந்தால் அவள் வண்டியைச் சுற்றி வருகிறாள்.
"இதுல ரெண்டு பேரு ஏறுமா? மூட்டை ஒண்ணு இருக்கு."
கதவுத் தகரத்தைச் சாத்தினாள்.
எங்கள் இருவருக்கும் நடுவே
இருபது கிலோ பூண்டு ஏறி உட்கார்ந்தது.

மன்னவனூர் இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல்
இரண்டாவது கியரிலேயே விட்டேன்.
"மெதுவா, மெதுவா" என்று ஒருமுறையும் சொல்லவில்லை.
ஒரு வளைவில் மட்டும்
என்னோடு சேர்ந்து சரியாகச் சாய்ந்தாள்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
"யாரு கூட வந்த, சலேத்து?"
"இவுங்க கூட."

மூட்டையை இறக்கினாள்.
"சாப்பாடு எம்பது. வண்டிக்குப் பத்து கழிச்சுக்க."
எழுபது கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் மடியில் வைத்தாள்.